புளியறையில் ரயிலை நிறுத்திய டார்ச்: யாரும் எடுக்காத படத்தை ஏஐ உருவாக்கலாமா?

2024 பிப்ரவரி 25, நள்ளிரவு தாண்டிய நேரம். தென்காசி மாவட்டம் புளியறை ‘எஸ்’ வளைவில், கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி ரயில் பாதையில் விழுந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார். சத்தம் கேட்ட ஒரு வயதான தம்பதி டார்ச் லைட்டோடு தண்டவாளத்தில் ஓடி, எதிரே வந்த ரயிலை நிறுத்தினர். தமிழக அரசு அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வெகுமதி அறிவித்தது.

அந்த இருட்டில் ஓடியவர்கள் கையில் இருந்தது டார்ச், கேமரா அல்ல. விடிந்த பிறகு படம் எடுக்கப் போனவர்களுக்குக் கிடைத்தது நொறுங்கிய லாரிதான். இன்று ஒரு வரி டைப் செய்தால் போதும், அந்த ஓட்டத்தை ஏஐ ‘படமாக’ தந்துவிடும். அதைச் செய்தியோடு போட்டால் என்ன தப்பு? புகைப்பட இதழியலின் வரலாற்றைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

அந்தக் காலத்தில் ‘செட்டப்’ இல்லையா?

இருந்தது. 1855 கிரிமியப் போரில் ரோஜர் ஃபென்டன் ஒரே பாதையை இரண்டு முறை படமெடுத்தார். ஒன்றில் பாதை காலி. இன்னொன்றில் பாதை முழுக்க பீரங்கிக் குண்டுகள். குண்டுகள் அங்கே எப்படி வந்தன என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

நம்மூர் உதாரணமும் உண்டு. 1876-78 சென்னை மாகாணப் பஞ்சத்தில், எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் குழுவாக உட்காரவைத்துப் படமெடுத்தார் ராணுவ அதிகாரி டபிள்யூ.டபிள்யூ.ஹூப்பர். பசி நிஜம். உட்காரவைத்தது அவர்.

எப்போது மாறியது?

1880இல் நியூயார்க்கின் ‘டெய்லி கிராஃபிக்’ நாளிதழ், புகைப்படத்தை நேரடியாக அச்சிடும் ‘ஹாஃப்டோன்’ முறையைப் பயன்படுத்தியது. 1925இல் கைக்கு அடக்கமான லைக்கா கேமரா சந்தைக்கு வந்தது. சம்பவம் நடக்கும்போதே படமெடுக்க முடிந்ததால், ‘காட்சியில் கைவைக்காதே’ என்பது மெல்ல மெல்ல தொழில் விதியானது.

அந்த விதியை மீறினால் என்ன ஆகும்? 2006இல் பெய்ரூட் படத்தில் புகையை அதிகமாக்கிக் காட்டிய ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரரின் 920 படங்களையும் ராய்ட்டர்ஸ் நீக்கியது. புளியறை சம்பவம் நடந்து சரியாக இரண்டு வாரத்தில், 2024 மார்ச் 10 அன்று, பிரிட்டன் இளவரசி கேத்தரினின் குடும்பப் படத்தை ஏபி, ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி திரும்பப் பெற்றன. காரணம், படத்தில் தெரிந்த எடிட்டிங்.

ஏஐ படம் எதில் வேறு?

ஹூப்பர் ஆட்களை அடுக்கினாலும், அந்த ஆட்கள் லென்ஸ் முன்னால் இருந்தார்கள். ஏஐ படத்துக்கு முன்னால் யாருமே இல்லை. அதில் ஓடுவது அந்தத் தம்பதியும் அல்ல; அந்த வளைவு புளியறையும் அல்ல. படம் போலி என்று தெரிந்த அன்றைக்கு வாசகர் சந்தேகப்படப்போவது படத்தை மட்டுமல்ல, ‘அப்போ ரயிலை நிறுத்தினதும் கதைதானா?’ என்று அந்தத் தம்பதியின் துணிச்சலையும் சேர்த்துத்தான்.

மாற்று வழி?

பழைய வழிகளே போதும். விபத்து நடந்த இடத்தை வரைபடமாகத் தரலாம். ஓவியம் போட்டு ‘ஓவியம்’ என்று எழுதலாம். தம்பதியைப் பிறகு டார்ச்சோடு படமெடுத்தால், ‘சம்பவத்துக்குப் பிறகு எடுத்த படம்’ என்று கீழே குறிப்பிடலாம்.

உங்கள் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு படம் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். யார் எடுத்தது? எப்போது? எங்கே நின்று? நள்ளிரவில், ஓடுகிறவர்களுக்கு நேர் எதிரே, ரயில் வரும் தண்டவாளத்தில் நின்று ஒருவர் படமெடுத்திருக்க முடியுமா? முடியாது என்று தோன்றினால் ஃபார்வர்டு பண்ணாதீங்க.