வீட்டோடு மாப்பிள்ளை

புது ஃப்ளாட் வாங்குகிறவனுக்கு மூன்று கண்டங்கள் உண்டு. பாங்க்கில் கடன் பத்திரம் நீட்டும் நாள், ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் விரல் ரேகை வைக்கும் நாள், மாடுலர் கிச்சன்காரர் லேப்டாப்பைத் திறக்கும் நாள். முதல் இரண்டில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். மூன்றாவதில் அபிப்பிராயம் சொல்ல வேண்டும்.

லேப்டாப்பில் ஒரு சமையலறை தெரியும். எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது, தாளிப்புப் புகை கிடையாது, இட்லிப் பானை கிடையாது. மூன்று சிவப்புக் குடமிளகாய் மட்டும் ஒரு தட்டில் ஒய்யாரமாகப் படுத்திருக்கும். மூலையில் ஆளுயர அலமாரி. அதற்கு 'டால் யூனிட்' என்று பெயர். அதன் வயிற்றில் கறுப்புக் கண்ணாடிச் சதுரம் ஒன்று பளபளக்கும்.

"மைக்ரோவேவ் பில்ட்-இன்னா, சாதாவா ஸார்?"

பக்கத்தில் மனைவி நிற்கிறார். (கல்யாணமாகாதவர்கள் அம்மா என்று வைத்துக்கொள்ளவும்.) இத்தனை லட்சம் கடன் வாங்கிவிட்டு 'சாதா' என்று சொல்ல எந்த ஆண்பிள்ளைக்கு நாக்கு எழும்? "பில்ட்-இன்னே போட்டுடுங்க." ஹோட்டலில் தோசைக்குக்கூட இதைவிட அதிக நேரம் யோசிக்கிறோம்.

அந்த ஒரு வார்த்தையால் என்ன ஆகிறது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் உள்ளே இருக்கும் சரக்கு. மேக்னட்ரான் என்று ஒரு குழாய். அது 2.45 கிகாஹெர்ட்ஸில் அலைகளை அனுப்ப, சாம்பாரில் இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் சாமி வந்த மாதிரி ஆடி, அந்த ஆட்டத்தில் சாம்பார் சூடாகிறது. பில்ட்-இன்னிலும் இதே குழாய், இதே ஆட்டம். 800 வாட் என்றால் இரண்டிலும் 800 வாட்தான். சாம்பாருக்குத் தான் சுவருக்குள் கொதிக்கிறோமா, மேடை மேல் கொதிக்கிறோமா என்று தெரியாது.

இந்த யந்திரத்தின் பூர்வீகமும் வேடிக்கையானது. 1945-ல் அமெரிக்காவில் ரேதியான் கம்பெனியில் பெர்ஸி ஸ்பென்ஸர் என்பவர் ராடார் மேக்னட்ரான் பக்கத்தில் நின்றபோது சட்டைப் பையிலிருந்த மிட்டாய் உருகிப் போயிற்று. நாமாக இருந்தால் சட்டை பாழாகிவிட்டதே என்று புலம்பியிருப்போம். அவர் அடுத்ததாகச் சோளத்தைப் பொரித்துப் பார்த்தார். 1947-ல் வந்த முதல் மாடல் கிட்டத்தட்ட ஆறடி உயரம், 340 கிலோ எடை. தண்ணீர்க் குழாய் இணைப்பு வேறு கொடுக்க வேண்டும். வீட்டுக்கென்று 1955-ல் டாப்பன் கம்பெனி விற்ற முதல் மாடலே சுவரில் பதிக்கிற ரகம்தான். விலை 1,295 டாலர். 1967-ல் அமானா கம்பெனி 495 டாலருக்கு மேடை மேல் வைக்கிற மாடலைக் கொண்டுவந்த பிறகுதான் ஜனங்கள் வாங்க ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு வருஷம் கஷ்டப்பட்டுச் சுவரை விட்டு வெளியே வந்தவனை, மறுபடி சுவருக்குள் அனுப்பக் கூடுதல் பணம் கொடுக்கிறோம்.

ஆம், 'அவன்'. கம்பெனிக்காரர்கள் இந்தச் சாமானுக்கு ஆண்பால் பெயர் வைத்தது பொருத்தமே. மேடை மேல் உட்காருகிற அவன் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. பிடிக்கவில்லையா, இடத்தை மாற்றலாம். ரிப்பேரா, ஆட்டோவில் ஏற்றி அனுப்பலாம். பில்ட்-இன் என்பவன் வீட்டோடு மாப்பிள்ளை. அவனுக்கென்று அளவெடுத்து அறை கட்டி, காற்றோட்டம் பார்த்து, தனி மின் இணைப்புக் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சட்டென்று வெளியே அனுப்ப முடியாது.

நான் படித்தது பி.காம். அதனால் அலமாரியைப் பார்த்தால் தேய்மானம்தான் கண்ணில் படும். நல்ல ப்ளைவுட்டில் செய்த அலமாரி இருபது வருஷம் நிற்கும். மைக்ரோவேவ் பத்து வருஷம் ஓடினால் புண்ணியம். ஆக, அந்த ஓட்டைக்குள் நிச்சயம் இரண்டாவதாக ஒருத்தன் வந்தாக வேண்டும். இங்கேதான் சிக்கல். 60 சென்டிமீட்டர் அலமாரிக்குச் சேரும்படி அகலத்தில் ஓரளவு ஒற்றுமை உண்டு. உள் அகலம் 56-ஐ ஒட்டி இருக்கும். உயரத்தில் கட்சிக்குக் கட்சி வேறு கொள்கை. 36, 38, 45 என்று கம்பெனி மனசு போல் மாறும். இன்று வாங்கும் மாடல் பத்து வருஷம் கழித்துக் கிடைக்காது. அன்றைக்குக் கிடைப்பது இரண்டு சென்டிமீட்டர் பெரிதாக இருந்தால் அலமாரியை அறுக்கணும். சின்னதாக இருந்தால் பட்டி வைத்து அடைக்கணும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் யந்திரம், அப்புறம் ஓட்டை. மாடலை முடிவு செய்து, அதோடு வரும் இன்ஸ்டலேஷன் படத்தை ஆசாரி கையில் கொடுத்து, அதன்படி வெட்டச் சொல்ல வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது?

"அண்ணே, எந்த அளவுக்கு ஓட்டை விட்டிருக்கீங்க?"

"ஸ்டாண்டர்டு ஸைஸ் ஸார்."

"எது ஸ்டாண்டர்டு?"

"போன வீட்டுல போட்டமே, அதான் ஸார்."

மேலே மாட்டுகிற அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்கிற ஆசையையும் அளந்து பார்த்துவிட்டுப் படவும். அது பெரும்பாலும் ஓரடி ஆழம்தான். 25 லிட்டர் பில்ட்-இன் அரை மீட்டருக்கு மேல் ஆழம் கேட்கும். ஒரு சில சிறிய மாடல்கள்தான் மேலே அடங்கும்.

அடுத்தது மூச்சு. சிலர் புத்திசாலித்தனமாக, சாதா மாடலையே வாங்கி அலமாரிக்குள் தள்ளி, சுற்றிலும் பட்டி அடித்து, 'பில்ட்-இன் மாதிரியே இருக்கு பாரு' என்கிறார்கள். பார்வைக்கு இருக்கும். ஆனால் மேக்னட்ரானுக்குப் போகும் கரண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பாருக்குப் போகாமல் உள்ளேயே சூடாகத் தங்கிவிடுகிறது. அதை ஒரு விசிறி வெளியே ஊதித் தள்ள வேண்டும். சாதா மாடலுக்குப் பக்கத்திலும் பின்னாலும் மேலேயும் இடைவெளி விட்டே ஆகணும். எவ்வளவு என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அடைத்துவிட்டால் ஊதிய சூட்டையே திரும்ப உறிஞ்சி, பாதியில் தானே அணைந்து போகும். கன்வெக்ஷன் மாடலாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பக்கத்துப் பலகையே சூடேறும். நிஜமான பில்ட்-இன்னுக்கு நீங்கள் கொடுக்கும் அதிகப் பணத்தில் நியாயமான பகுதி இந்தக் காற்றுப் பாதைக்குத்தான். மீதி அந்தக் கறுப்புக் கண்ணாடிக்கு.

இதெல்லாம் சமாளித்துவிடலாம். ஒன்றே ஒன்றில்தான் எனக்குக் கோபம் வரும். உயரம்.

என் நண்பன் ஒருவன் மேடவாக்கம் பக்கம் ஃப்ளாட் வாங்கினான். புருஷன் மனைவி இரண்டு பேருக்கும் வேலை. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ராத்திரிதான். வீட்டில் அம்மா மட்டும். வயசு எழுபதைத் தொடுகிறது, உயரம் நாலடி பத்தங்குலம். சமையலறை அமர்க்களமாக இருந்தது. டால் யூனிட்டில் கீழே பேக்கிங் அவன், அதற்கு மேலே மைக்ரோவேவ். மைக்ரோவேவின் அடித்தளமே தரையிலிருந்து நாலே முக்கால் அடி. வரைந்தவர் ஆறடிக்காரராக இருந்திருக்கணும்.

ஒரு லீவு நாளில் போயிருந்தேன். மதியம் அம்மா எனக்கு ரசம் சூடு பண்ண எழுந்தார். அலமாரி இடுக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். பீங்கான் கிண்ணத்தை உள்ளே வைத்தார், இறங்கினார். மணி அடித்ததும் மறுபடி ஏறினார். கொதிக்கிற கிண்ணம் முகத்துக்கு நேராக வந்தது. ஒரு கையில் கிண்ணம், இன்னொரு கையால் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, காலால் தரையைத் தேடி இறங்கினார். நண்பன் பாதிச் சாதத்தில் எழுந்துவிட்டான்.

"தினமும் இப்படித்தானாம்மா?"

"பின்னே எப்படிடா? எட்டலையே."

"ஏன் சொல்லலை?"

"அவ்வளவு பணம் போட்டு ஆசையா பண்ணியிருக்கே. இதுல போய் என்ன சொல்றது..."

பேக்கிங் அவனில் அந்த வருஷம் இரண்டு கேக் செய்திருந்தார்கள். மைக்ரோவேவ் தினம் நாலு தடவை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆசாரி வந்தார். பில்ட்-இன்னைப் பிடுங்கி எடுத்து, மேடை மட்டத்துக்கே ஒரு அலமாரி செய்து கொடுத்தார். மேலே காலியான இடத்தில் இப்போது கொலு பொம்மைப் பெட்டி இருக்கிறது.

கணக்கு சுலபம். வீட்டில் யார் அதிகம் சூடு பண்ணுகிறார்களோ, அவர்களை நிற்க வைத்து முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். முழங்கைக்கும் தோளுக்கும் நடுவே அவனின் அடித்தளம் வர வேண்டும். தோளுக்கு மேலே போகவே கூடாது. நாலடி பத்தங்குலக்காரருக்கு மூன்றரை அடியைத் தாண்டினாலே அதிகம். எடுத்த கிண்ணத்தை உடனே வைக்கப் பக்கத்தில் ஓரடி கிரானைட் வேண்டும். பெரும்பாலான டால் யூனிட் படங்களில் இந்த ஓரடி இருக்காது. குடமிளகாய்க்கு அது தேவைப்படுவதில்லையே.

உள்ளே என்ன வைக்கப் போகிறோம் என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்வது நல்லது. நம் வீட்டில் டபரா, தூக்கு, சம்புடம், அடுக்கு, கரண்டி வரை எல்லாம் எவர்சில்வர். மைக்ரோவேவுக்கும் எவர்சில்வருக்கும் ஜாதகமே சேராது. அலை உலோகத்தில் பட்டுத் திரும்பிவிடும், விளிம்பில் பொறியும் பறக்கலாம். கண்ணாடி, பீங்கான் பாத்திரங்களுக்குத் தனி பட்ஜெட் போட வேண்டும். அவற்றை வாங்கின பிறகும் நாம் செய்யப் போவது என்ன? நேற்றைய சாம்பார், காலை இட்லி (தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள், இல்லாவிட்டால் கிரிக்கெட் பந்து), ஆறின காபி. எண்ணெய் இல்லாமல் அப்பளம் ஒரு நிமிஷத்துக்குள் பொரிவது நிஜமாகவே அதிசயம். முழு முட்டை மட்டும் வேண்டாம், வெடிக்கும். இவ்வளவுக்கு 20 லிட்டர், சூடு மட்டும் பண்ணுகிற 'சோலோ' ரகம் ஏராளம். கேக், தந்தூரி என்று மாதம் நாலு தடவையாவது நிஜமாகச் செய்கிறவர் கன்வெக்ஷன் வாங்கட்டும். செய்யப் போவதாக நினைத்துக்கொள்கிறவர் பக்கத்து பேக்கரியை ஆதரிக்கலாம்.

விலையில், நான் கடைகளில் விசாரித்தவரை, அதே லிட்டருக்கு பில்ட்-இன் இரண்டு மடங்கு, சில சமயம் மூன்று மடங்கு. சாதா 7,000, பில்ட்-இன் 22,000 என்றே வைத்துக்கொள்வோம். பத்து வருஷத்துக்குப் பிரித்தால் வருஷம் 1,500 ரூபாய் கூடுதல். மேடையே இல்லாத சின்ன சமையலறையில், இடம் மிச்சமாகும் என்றால் அது நியாயமான செலவு. அந்தக் கேஸில் நானே 'பில்ட்-இன் வாங்குங்க' என்பேன். ஐந்தடி மேடை சும்மா கிடக்கிற வீட்டில் அது கண்ணாடிக்குக் கட்டுகிற வாடகை.

எலக்ட்ரீஷியனிடம் இரண்டு விஷயம். 16 ஆம்பியர் ப்ளக் தனியாக வேண்டும். மிக்ஸி ப்ளக்கில் கூட்டுக் குடித்தனம் வேண்டாம். ஸ்விட்சை அவனுக்குப் பின்னால் ஒளித்து வைக்க விடாதீர்கள். உள்ளே ஏதாவது புகைந்தால் முதலில் ஸ்விட்சைத்தான் அணைக்கணும். 20 கிலோ பெட்டியை உருவி எடுத்துவிட்டு ஸ்விட்சைத் தேடினால் கதை முடிந்தது. வீட்டு இன்வெர்ட்டர் விசிறிக்கும் விளக்குக்கும்தான். 1,200 வாட்டுக்கு மேல் இழுக்கிற இவனைச் சின்ன இன்வெர்ட்டர் தாங்காது.

இன்னொருத்தரையும் மறக்கக் கூடாது: கரப்பான். இருட்டு, இளஞ்சூடு, சாம்பார் வாசனை. அதற்கும் பில்ட்-இன் ரொம்பப் பிடிக்கும். டிஸ்ப்ளேக்குப் பின்னால் குடும்பத்தோடு தங்கி ஸர்க்யூட் போர்டைக் கெடுத்துவிட்டுப் போகும். சாதா மாடலென்றால் மாதம் ஒரு தடவை நகர்த்தித் துடைக்கலாம். பில்ட்-இன்னுக்கு ஸர்வீஸ்காரர் போனிலேயே சொல்லிவிடுவார், "அலமாரியிலேர்ந்து வெளிய எடுத்து வைங்க ஸார், அப்பறம் வர்றேன்" என்று. அதற்கு ஆசாரி வரணும். ஆசாரி வேறொரு வீட்டில் ஸ்டாண்டர்டு ஸைஸில் ஓட்டை போட்டுக்கொண்டிருப்பார்.

"எல்லாம் சரி ஸார், ஓட்டை ஏற்கெனவே போட்டாச்சே" என்பவர்களுக்கு: டேப்பை எடுத்து அகலம், உயரம், ஆழம் மூன்றையும் உள்பக்கமாக, இரண்டு இடத்தில் அளந்து ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். சேல்ஸ்மேன் கதவைத் திறந்து காட்டும்போது, ஓட்டை எத்தனை கேட்கிறது என்று மட்டும் கேளுங்கள். எதுவும் சேரவில்லை, ஓட்டை தோளுக்குக் கீழேதான் இருக்கிறது என்றால், பின்பலகையை எடுத்துவிட்டு, முன்பக்கம் திறந்தபடியே விட்டு, புத்தகத்தில் போட்டிருக்கிற இடைவெளிக்குள் அடங்குகிற சின்ன சோலோவை வையுங்கள். தோளுக்கு மேலே என்றால் ஓட்டைக்கு ஒரு கதவு போட்டு, ரேஷன் கார்டு, காஸ் புத்தகம், பழைய ரசீதுகள் எல்லாவற்றையும் அங்கே குடியேற்றலாம். முக்காலியை மட்டும் பால்கனிக்கு அனுப்பிவிடுங்கள்.