பல்கலைக்கழக ஆட்சிப்பேரவை: அணிகலனா, அதிகாரமா?

பல்கலைக்கழகம் என்பது கட்டடங்களின் தொகுதியன்று; கற்போரும் கற்பிப்போரும் கூடி நடத்தும் அறிவுச் சமூகம். அச்சமூகம் தன்னைத் தானே ஆளுதற்கு அமைந்த அவையே ‘செனட்’ எனப்படும் ஆட்சிப்பேரவை. இன்று அவ்வவையைச் சுமையெனக் கருதும் போக்கு வலுத்து வருகின்றது. பேரவைகள் அரசியற் களங்களாகிவிட்டன, முடிவெடுக்கக் காலம் தாழ்த்துகின்றன, ஆதலின் தகுதி வாய்ந்த சிலரை நியமித்தாலே போதும் என்பது அவர்தம் வாதம். அவ்வாதம் பொருந்தாது என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாதம் புதியதன்று. கர்சன் பிரபு காலத்து இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் (1904) திறமையின் பெயராலேயே பேரவைகளைச் சுருக்கியது. உறுப்பினர் எண்ணிக்கை 50 முதல் 100 வரை என வரையறுக்கப்பட்டது. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களில் தேர்ந்தெடுக்கப்படுவோர் 20 பேர் மட்டுமே. எஞ்சியோருள் மிகப் பெரும்பாலோர் நியமனத்தால் வந்தோர். கோபால கிருஷ்ண கோகலே சட்டமன்றத்தில் இதனைக் கடுமையாக எதிர்த்தார். கல்வியைச் சீர்திருத்தல் என்ற பெயரில் கல்வியாளரை அரசின்கீழ்க் கொணரும் முயற்சி இது என்பதை அன்றைய தேசியத் தலைவர்கள் உணர்ந்திருந்தனர்.

அவ்வாறு சுருக்கப்பட்ட பேரவையும் அதிகாரம் உடையதாயின் என்செய்யும் என்பதற்குக் கல்கத்தா சான்று. 1922-இல் நிதி நெருக்கடியில் உழன்ற அப்பல்கலைக்கழகத்துக்கு வங்காள அரசு இரண்டரை லட்சம் ரூபாயை நிபந்தனைகளுடன் வழங்க முன்வந்தது. துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜியின் தலைமையில் பேரவை அந்நிபந்தனைகளை ஏற்க மறுத்தது. அவ்வவையிலும் நியமன உறுப்பினரே மிகுதி என்பது மெய்தான். ஆயினும் அது கூடி விவாதிக்கும் அவை. தீர்மானிக்கும் உரிமை பெற்ற அவை. எனவே தேர்தல் மட்டும் போதாது, தீர்மானிக்கும் அதிகாரமும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வளவுகோலைக் கொண்டு மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தை (2009) நோக்குக. அதில் ‘கோர்ட்’ என்னும் பேரவைக்கு உரியவை கொள்கைகளைச் சீராய்ந்து பரிந்துரைத்தல், ஆண்டறிக்கையையும் கணக்கையும் ஆய்ந்து தீர்மானம் இயற்றல், கேட்கப்படும் பொருளில் பார்வையாளருக்கு அறிவுரை கூறல் ஆகியவையே. பெயர் எஞ்சியிருக்க, அதிகாரம் அகன்றுவிட்டது.

காலதாமதம் என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம். தில்லிப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு இளநிலைப் படிப்புத் திட்டம் 2012 டிசம்பர் இறுதியில் கல்விப்பேரவையிலும் ஆட்சிக்குழுவிலும் சில நாள் இடைவெளியில் நிறைவேற்றப்பட்டது. எதிர்ப்புக் குரல்கள் எழுந்தும் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. 2014 ஜூனில் கைவிடப்பட்டது. அதில் சேர்ந்த மாணவர்தம் பாடத்திட்டம் இடைவழியில் மாற்றியமைக்கப்பட்டது. ஆறு மாத விவாதத்தைத் தாமதம் என்பார், ஆய்ந்து தெளியாத அவசரத்துக்கு மாணவர் கொடுத்த விலையை எக்கணக்கில் எழுதுவர்?

அண்மைச் சான்று சண்டிகர். பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் ஏறத்தாழ 90 உறுப்பினர் கொண்ட பேரவையை 31 உறுப்பினராகக் குறைத்தும், பட்டதாரித் தொகுதியின் 15 இடங்களை நீக்கியும் மத்திய அரசு 2025 அக்டோபர் இறுதியில் அறிவிக்கை வெளியிட்டது. மாணவரும் ஆசிரியரும் கிளர்ந்தெழுந்தனர். நவம்பரில் அறிவிக்கை திரும்பப் பெறப்பட்டது. பட்டதாரித் தொகுதியில் வாக்களிப்போர் குறைவு என்பர். வாக்காளர் பட்டியலைச் செம்மை செய்வதன்றோ அதற்குத் தீர்வு? தொகுதியையே அழிப்பது நோய்க்கு மருந்தாகாது.

தேசியக் கல்விக் கொள்கை (2020) ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்துக்கும் தகுதிமிக்கோர் கொண்ட ஆளுநர் குழுவை முன்மொழிகின்றது. தகுதியை யாரும் மறுப்பதற்கில்லை. எனினும் அத்தகுதியைத் தீர்மானிப்பவர் யார், அக்குழு யாருக்கு விடை பகரக் கடமைப்பட்டது என்னும் வினாக்கள் எஞ்சுகின்றன. தமிழ்நாட்டுக்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறை போன்ற சிறு மொழித்துறைகளுக்கு இவ்வினாக்கள் உயிர்நிலையானவை. மாணவர் எண்ணிக்கையை மட்டுமே அளவாகக் கொள்ளும் நிருவாகத்தின்முன், ஒரு பணியிடம் ஏன் நிரப்பப்படவில்லை என எழுந்து கேட்கும் உரிமை அவையில்தான் உண்டு.

பேரவைகளில் குறையில்லை என்பதன்று நம் வாதம். குழுச்சண்டையும் பதவி வேட்கையும் அங்கு உள்ளன. அவற்றைக் களைய வழிகளும் உள்ளன: குறித்த காலத்தில் தேர்தல், உறுப்பினர் பதவிக்கு உச்சவரம்பு, பொருள்நிரலைப் போதிய நாள் முன்னரே வழங்கல், நடவடிக்கைக் குறிப்பை அனைவரும் காண வெளியிடல், சிறு துறைகளுக்குச் சுழற்சிமுறை இடம். இவற்றைச் செய்யாது அவையையே சுருக்குதல், கூரை ஒழுகுகிறதென்று வீட்டை இடிப்பதற்கு ஒப்பாகும். மாணவர்க்கு மக்களாட்சியைப் பாடமாகக் கற்பிக்கும் பல்கலைக்கழகம், அதனைத் தன் ஆட்சியில் மறுத்தல் தகாது.