எந்த முருகனுக்கு எந்த சம்பளம்?

காலை ஆறு மணி வாக்கில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறியிருக்கிறீர்களா பாஸ்? பெட்டியில் பாதிப் பேர் மடியில் டிபன் பையை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார்கள். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை... எதற்கும் தூக்கம் கலையாது. கும்மிடிப்பூண்டி வந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து சிப்காட் பக்கம் நடக்கும்.

அந்தக் கூட்டத்தில் டிபன் பையோடு ஒரு பென் டிரைவையும் சுமந்துகொண்டு போனான் என் நண்பன். பி.காம். முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. ஆலைகளுக்கு ஆள் அனுப்புகிற ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸ். ஆபீஸ் பேர் வேண்டாம். அவன் பேரும் வேண்டாமாம், 'மானம் போயிடும் மச்சி' என்று கெஞ்சுகிறான்!

வேலை இதுதான். கேட்டில் விரல் வைக்கிற மெஷினிலிருந்து அட்டெண்டன்ஸ் ஃபைல் வரும். 800 பேர். யார் எத்தனை நாள் வந்தார், எத்தனை மணி நேரம் ஓ.டி. பார்த்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். சம்பள ஃபைல் இருப்பது திருவள்ளூர் ஆபீஸில். முதல் ஃபைலில் இருக்கிற ஓ.டி. மணிக்கணக்கை, இரண்டாவது ஃபைலில் அந்தந்த ஆளுக்கு நேராக ஏற்ற வேண்டும். ஒருத்தர் வாசிக்க, இன்னொருத்தர் அடிக்க, மாசா மாசம் ரெண்டு ராத்திரி சிவராத்திரிதான். அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். லேட் பண்ணவும் முடியாது.

நம்மாளு சும்மா இருப்பானா? மேக்ரோ கற்றுக்கொண்டான்.

மேக்ரோ ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எக்செலில் நாம் திரும்பத் திரும்பச் செய்கிற வேலையை ஒரு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டால், பட்டனைத் தட்டியதும் அதுவே செய்து முடிக்கும். 1993-ல் எக்செல் 5-க்குள் வி.பி.ஏ. என்கிற மொழி வந்ததிலிருந்து உலகம் முழுக்க ஆபீஸ் ராத்திரிகளைக் காப்பாற்றி வருவது இதுதான். நண்பன் சொல்லிக் கொடுத்ததும் சிம்பிள்: 'சம்பள ஃபைலில் பேரைப் படி. அட்டெண்டன்ஸ் ஃபைலில் அந்தப் பேரைத் தேடு. பக்கத்தில் இருக்கிற ஓ.டி.யை எடுத்து வந்து போடு. அடுத்த ஆளுக்குப் போ.'

ரெண்டு ராத்திரி வேலை ரெண்டே நிமிஷத்தில் முடிந்தது! மேனேஜர் தன் காசில் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார். ஆபீஸில் அன்றைக்கு இவன்தான் ஹீரோ.

8-ம் தேதி ஆபீஸ் வாசலில் ஒருத்தர் வந்து நின்றார். நாற்பது வயசு இருக்கும். கையில் சம்பளச் சீட்டு.

"தம்பி, போன மாசம் 36 மணி நேரம் ஓ.டி. பார்த்தேன். 8 மணி நேரத்துக்குத்தான் காசு வந்திருக்கு."

"இருக்காதுண்ணே. கம்ப்யூட்டர்ல போட்டது."

"ராத்திரி உலைக்குப் பக்கத்துல கம்ப்யூட்டரா தம்பி நின்னுச்சு?"

நண்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. போனது 28 மணி நேரம். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பதால் 56 மணி நேரக் கூலி. அதாவது எட்டு மணி நேர ஷிஃப்ட் கணக்கில் முழுசாக ஏழு நாள் சம்பளம்!

ஃபைலைத் திறந்து பார்த்தால் விஷயம் வெட்ட வெளிச்சம். லிஸ்ட்டில் எஸ்.முருகன் ரெண்டு பேர். மேக்ரோ மேலிருந்து தேடும், முதல் முருகன் கிடைத்ததும் நின்றுவிடும். முதல் முருகன் பார்த்த 8 மணி நேரத்தை ரெண்டு பேருக்கும் போட்டுவிட்டது. ஒரு எரர் மெசேஜ்கூட வரவில்லை. பேரே கிடைக்காமல் 'என்.ஏ.' என்று கத்தியிருந்தால் தப்பித்திருப்பான். தப்பான ஆள் கிடைத்ததால் சத்தமே இல்லை.

பேசின் பிரிட்ஜைக் கண்டுபிடி

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம். ஆனால் லோக்கல் டிரெயினில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போக முடியாது. அது ஒரு லைன், இது ஒரு லைன். பேசின் பிரிட்ஜ் வரை வந்துதான் மாற வேண்டும். ரெண்டு லைனுக்கும் பொதுவான ஸ்டேஷன் அது.

ரெண்டு ஃபைலை இணைப்பதும் இதேதான். ரெண்டிலும் இருக்கிற, ஒரு ஆளுக்கு ஒன்றே ஒன்று என்று இருக்கிற விஷயம் எது? அதுதான் உங்கள் பேசின் பிரிட்ஜ். நம்ம ஊரில் அது பேராக இருக்கவே முடியாது. எஸ்.முருகன் என்பார், முருகன் எஸ். என்பார், புள்ளி வைப்பார், வைக்க மாட்டார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் பேரை மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள். எம்ப்ளாயி கோடு, பி.எஃப்.பின் 12 இலக்க யு.ஏ.என்., இ.எஸ்.ஐ.யின் 10 இலக்க எண்... இப்படி ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள்.

எண்ணைப் பிடித்துவிட்டால் மட்டும் நிம்மதியா? எக்செல் நமக்கு வைத்திருக்கிற பள்ளங்கள் இவை:

* ஒரு ஃபைலில் 00457, இன்னொன்றில் 457. நமக்கு ரெண்டும் ஒரே ஆள். எக்செலுக்கு ஒன்று எழுத்து, இன்னொன்று எண். பொருந்தவே பொருந்தாது. ரெண்டையும் எழுத்தாக்கி, ஒரே நீளத்துக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்துவிட்டுத்தான் தேட வேண்டும்.

* கோடுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸ். 'டிரிம்' போட்டால் போய்விடும். வெப்சைட்டிலிருந்து இறக்கிய ஃபைல் என்றால் டிரிம்முக்கும் அசையாத இன்னொரு வகை ஸ்பேஸ் இருக்கும். அதைத் தனியாக 'ரீப்ளேஸ்' செய்ய வேண்டும்.

* எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். 16 இலக்க பேங்க் அக்கவுண்ட் நம்பரை எண்ணாக அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். அடிப்பதற்கு முன்பே அந்தக் கட்டங்களை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள்.

* 'வி-லுக்அப்' பயன்படுத்தினால் நாலாவது இடத்தில் 'ஃபால்ஸ்' என்று போட மறக்காதீர்கள். விட்டுவிட்டால் அது 'ஏறக்குறைய' பொருந்துவதை எடுத்து வந்துவிடும். சம்பளத்தில் ஏது ஏறக்குறைய? புது எக்செலில் இருக்கிற 'எக்ஸ்-லுக்அப்'பில் இந்தத் தொல்லை இல்லை.

அவசரப்பட்டு ஏற்றாதே

நண்பன் மேக்ரோவைத் திருப்பி எழுதினான். இந்தத் தடவை நாலு படி.

ஒன்று, ஒரிஜினல் ஃபைலைத் தொடாமல் தேதி போட்டு காப்பி எடுக்க வேண்டும். மேக்ரோ ஓடி முடிந்தபின் கன்ட்ரோல்-இசட் கைகொடுக்காது. ரெண்டு, ஒரே கோடு ரெண்டு தடவை வருகிறதா என்று முதலில் எண்ண வேண்டும். வந்தால் அங்கேயே நிறுத்து. மூன்று, அட்டெண்டன்ஸ் ஃபைலின் கோடுகளை எல்லாம் 'டிக்‌ஷனரி' என்கிற பட்டியலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். 800 பேருக்கும் 800 வரியை மாறி மாறிப் புரட்டினால் 6,40,000 ஒப்பீடு. டிக்‌ஷனரியில் ஆளுக்கு ஒரே தேடல். நாலு, பொருந்தாதவர்களை விட்டுவிடாமல் தனி ஷீட்டில் எழுத வேண்டும். அந்த ஷீட்டை மனுஷன் பார்க்க வேண்டும்.

கடைசியில் ஒரு பழைய வைத்தியம். அட்டெண்டன்ஸ் ஃபைலில் மொத்த ஓ.டி. எவ்வளவு? சம்பள ஃபைலில் ஏறிய மொத்த ஓ.டி. எவ்வளவு? ரெண்டும் டேலி ஆகணும். பி.காம். முதல் வருஷத்திலேயே படித்த விஷயம்! அன்றைக்கே கூட்டிப் பார்த்திருந்தால் 28 மணி நேரம் உதைத்திருக்கும். முருகன் அண்ணன் வாசலில் வந்து நின்றிருக்க வேண்டியதில்லை.

'சின்ன ஆபீஸ், சின்னப் பையன், அதான் தப்பு பண்ணிட்டான்' என்று நினைக்காதீர்கள். 2020-ல் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறையே இதில் வழுக்கி விழுந்தது. லேப்களிலிருந்து வந்த கொரோனா ரிசல்ட் ஃபைல்களைப் பழைய வகை எக்செல் ஷீட்டில் ஏற்றினார்கள். அதில் 65,536 வரிக்கு மேல் இடம் கிடையாது. மிச்சம் வெளியே விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேரின் பாசிட்டிவ் ரிசல்ட் தினசரிக் கணக்கில் வராமல் போனது. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து எச்சரிக்கிற வேலையும் தாமதமானது. எத்தனை வந்தது, எத்தனை ஏறியது என்ற ஒரே ஒரு கூட்டல் அங்கேயும் பிடித்துக் கொடுத்திருக்கும்.

இப்போது மேக்ரோ எழுதத் தெரியாவிட்டாலும் ஏ.ஐ.யிடம் கேட்டால் நொடியில் எழுதிக் கொடுத்துவிடும். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் உங்கள் லிஸ்ட்டில் ரெண்டு முருகன் இருப்பது நீங்கள் சொல்லாமல் அதற்குத் தெரியாது. இன்டர்வியூவில் 'எக்செல் தெரியுமா?' என்று கேட்பார்கள். அது பட்டன் தெரியுமா என்ற கேள்வி இல்லை, வரிக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியுமா என்ற கேள்வி.

இந்த வார ஹோம் ஒர்க்: உங்கள் கிளாஸ் பேர் லிஸ்ட்டை ஒரு ஃபைலிலும், டூருக்குக் காசு கொடுத்தவர்கள் லிஸ்ட்டை இன்னொரு ஃபைலிலும் போடுங்கள். முதலில் பேரை வைத்துப் பொருத்துங்கள், பிறகு ரெஜிஸ்டர் நம்பரை வைத்துப் பொருத்துங்கள். எத்தனை பேர் மாறுகிறார்கள் என்று எண்ணுங்கள். மேக்ரோ இருக்கிற ஃபைலை எக்ஸ்.எல்.எஸ்.எம். என்று சேவ் பண்ண வேண்டும், மறந்தால் மேக்ரோ காணாமல் போய்விடும். யாரோ மெயிலில் அனுப்பிய மேக்ரோவை மட்டும் தெரியாமல் ஓட்டாதீர்கள், வைரஸ் வருகிற வழி அது.

முருகன் அண்ணனுக்கு அடுத்த வாரமே பாக்கிப் பணம் போய்ச் சேர்ந்தது. நண்பன் இப்போதும் அதே லோக்கலில்தான் போகிறான். 800 பேரின் கணக்கும் மேக்ரோவில்தான் ஓடுகிறது. ஆனால் முடிந்ததும் ரெண்டு வரியை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சேவ் பண்ணுகிறான். ரெண்டு வரியிலும் எஸ்.முருகன்!