ஒட்டும் மருந்துக்கு முன்னே உற்றுநோக்கும் கண்

தோட்டத்தில் ஒரே ஒரு கத்தரிச் செடியில் பூச்சி விழுந்தால், தோட்டம் முழுவதற்குமா மருந்து தெளிப்பீர்கள்? வாய்ப் புற்றுநோய்க்கு சிஸ்பிளாட்டின் போன்ற மருந்தை இரத்தத்தில் செலுத்தும்போது ஏறத்தாழ அதுதான் நடக்கிறது. கன்னத்தின் உட்புறத்தில் உள்ள நோய்க்காக மருந்து உடல் முழுவதும் சுற்றுகிறது. குமட்டல், சிறுநீரகப் பாதிப்பு, காது மந்தம் ஆகியவை நேரக்கூடும்.

மருந்தைப் புண்ணின் மேலேயே பூசினால் என்ன? உமிழ்நீர் அதை விரைவில் கழுவிவிடும். இங்கேதான் நானோ இழை உதவிக்கு வருகிறது. மருந்து கலந்த பாலிமர் கரைசலை ஊசி முனை வழியே செலுத்தி, பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், அது மெல்லிய தாரையாகப் பாய்ந்து, வழியிலேயே உலர்ந்து, எதிரே உள்ள தகட்டில் இழையாகப் படிகிறது. இத்தகைய மின்நூற்பு முறைக்கு, செயற்கை நூல் செய்வதற்காக, அன்டன் ஃபோர்ம்ஹால்ஸ் 1934-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். தலைமுடியின் பருமன் சுமார் 80,000 நானோமீட்டர். இவ்விழையின் பருமனோ சில நூறு நானோமீட்டர்தான். இவ்விழைகளால் ஆன ஒட்டுப்படலம் வாயின் உட்புறத்தில் பற்றிக்கொண்டு மருந்தைச் சிறுகச் சிறுக வெளிவிடும்.

ஆய்வில் உள்ள இம்முறை வாய்ப் புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. வரட்டும், வரவேற்போம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. படலத்திலிருந்து கசியும் மருந்து அதிக ஆழம் செல்லாது. எனவே சிறிதாகவும் மேலாகவும் உள்ள நோய்க்கே அது பெரிதும் பொருந்தும். கழுத்துக்குப் பரவிவிட்ட நோயை அது என்ன செய்ய இயலும்? 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகில் புதிதாக இந்நோய் கண்ட சுமார் 3,78,000 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர். அவர்களுள் பலர் நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் வருகின்றனர்.

ஆகவே ஒட்டும் மருந்துக்கு முன்னே, உற்றுநோக்கும் கண் வேண்டும் என்பேன். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று டார்ச் வெளிச்சத்தில் வாயைச் சோதித்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் முடிவு வெளியாயிற்று.

உங்கள் வீட்டில் வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் தாத்தாவோ பாட்டியோ உண்டா? அவர்கள் வாயில் வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ, இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால், ‘சூட்டுப் புண்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாளைய நானோ இழை நன்மை செய்ய வேண்டுமானால், இன்றே நோயைக் கண்டுபிடிக்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும்.