முருகைக்கல்லைத் தொடாத கடல் தொட்டி

பாசிக்குடாக் கடலில் இடுப்பளவு நீரில் நின்று, தவிட்டு நிறக் கொம்புகளின் நுனியில் இளநீலம் படர்ந்திருந்த முருகைக்கல் கொத்து ஒன்றை ஒடித்தெடுத்து, அதைப் பால்மா டின்னில் கடல்நீரோடு இட்டு, மட்டக்களப்பு வந்து சேரும்வரை பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தவன் நான். 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்கு முந்திய காலம் அது. எனக்கு அப்போது 12 வயது. பொழுது சாய்வதற்குள் டின்னிலிருந்த நீர் சளிபோலக் குழம்பியது. இரவில் வீடெங்கும் துர்நாற்றம் பரவ, அம்மா அதை முற்றத்து வாழையடியில் கொட்டிவிட்டார். மறுநாட் காலையில் எறும்பு மொய்த்துக் கிடந்த வெண்ணிறக் கூட்டை எடுத்துக் கழுவி, பல வருஷங்கள் என் மேசையில் அலங்காரமாக வைத்திருந்தேன். அது ஒரு பிரேதம் என்னும் உணர்வு எனக்கு வெகுகாலம் உண்டாகவில்லை.

இந்த ஞாபகத்தை இங்கே எழுதுவதற்குக் காரணமுண்டு. கல்லடியிலும் நாவற்குடாவிலும் ஏறாவூரிலும் வசிக்கும் இளைஞர் சிலர், கைத்தொலைபேசியில் கண்ட வெளிநாட்டுக் கடல் தொட்டிகளின் அழகுக்கு மனத்தைப் பறிகொடுத்து, வீட்டு முன்னறையில் அப்படியொன்றை அமைக்க இயலுமா, அதற்கு என்ன வேண்டும், முருகைக்கல்லை எங்கே போய் எடுக்கலாம் என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். முதல் இரண்டு வினாக்களுக்கும் மகிழ்ச்சியோடு விடை சொல்லுகிறேன். மூன்றாவது வினாவுக்கு என்னிடம் உள்ள விடை, எங்கேயும் எடுக்கக்கூடாது என்பதே. சமுத்திரத்தின் ஒரு துளியை வீட்டில் வைத்துப் பரிபாலிக்க விரும்புவது மிக நல்ல ஆசை. அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் பாறையிலிருந்து ஒரு விரற்கடைக் கல்லைத்தானும் ஒரு மீன்குஞ்சைத்தானும் எடுக்காமல் அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முருகைக்கல் கல்லன்று. கடுகளவும் மிளகளவுமான பிராணிகள் ஆயிரமாயிரமாய் ஒன்றோடொன்று ஒட்டி வாழ்ந்து, கடல்நீரில் கரைந்துள்ள கல்சியத்தை எடுத்துத் தங்களுக்குக் கீழே சிறிது சிறிதாகப் படியவைத்துக் கட்டிய மாளிகை அது. அப்பிராணிகளின் உடலுக்குள்ளே கண்ணுக்குப் புலனாகாத பாசி குடியிருந்து, சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்துத் தன் வீட்டுக்காரனுக்கும் பெரும்பங்கு கொடுக்கிறது. கோடைக்கால நீரின் வழக்கமான உச்ச உஷ்ணத்தைவிட ஒரு பாகை கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே இந்தச் சிநேகம் முறிந்து, பாசி வெளியேற, முருகை வெளிறிப் பட்டினி கிடக்கும். 1998ஆம் ஆண்டில் இந்து சமுத்திரம் முழுவதும் அவ்வாறு வெந்தபோது ஹிக்கடுவையின் பாறைகளும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீவ் பாறைகளும் பெரும்பாலும் மடிந்தன. கொம்புக் கொம்பாக வளரும் இனம் ஆண்டுக்கு 10 சென்ரிமீற்றர் வரை நீளக்கூடும். உருண்டைப் பாறையாக வளரும் இனமோ ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் உயரும். ஒரு மீற்றர் உயரமுள்ள உருண்டை ஒன்றைக் காணும்போது, நம் பாட்டன் தோணி வலித்த காலத்திலேயே அது பிறந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். அத்தகைய உருண்டைகளைத் தோண்டிச் சூளையில் இட்டுச் சுண்ணாம்பாக்கி, வீடுகளுக்குப் பூசியும் வெற்றிலையில் தடவியும் தீர்த்த தேசம் இது.

1988ஆம் ஆண்டில் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல்லை அகழ்வதையும் சேர்ப்பதையும் எரிப்பதையும் ஏற்றிச் செல்வதையும் தடைசெய்தது. பாசிக்குடாவுக்கு வடக்கேயுள்ள காயாங்கேணிப் பாறைகள் 2019ஆம் ஆண்டில் கடற் சரணாலயமாகவும் பிரகடனமாயின. ஆகவே, டின்னோடு பாசிக்குடாவுக்குப் போவது இன்று சட்டத்துக்கும் விரோதம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், ஜீவனுள்ள பாறைத் துண்டுகளையும் இயற்கைக் கடல்நீரையும் தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழி ஒன்றைத் தவிர வேறு யந்திரம் எதுவுமின்றி முருகைகளை வளர்த்துக் காட்டி, அந்த முறையை 1961ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கச் சஞ்சிகையில் எழுதினார். இன்றைய வீட்டுக் கடல் தொட்டிகளுக்கெல்லாம் அதுவே ஒரு மூலம். கடலோரத்தில் வாழும் நாமும் அவர் செய்தது போலச் செய்தாலென்ன என்பது அந்த ஆட்சேபம். அம்மனிதரின் நுண்ணறிவை நான் போற்றுகிறேன். பாறையிலுள்ள நுண்ணுயிர்களே நீரைச் சுத்திசெய்யும் என்று அவர் கண்டது உண்மை. ஆயினும், ஒருவர் ஒரு கூடை கல் எடுத்த காலம் வேறு. ஊருக்கு நூறு பேர் எடுக்கக்கூடிய காலம் வேறு. அவரிடமிருந்து நாம் கற்கவேண்டியது அந்நுண்ணுயிர்களின் தத்துவத்தையே. அவை குடியேறுவதற்குத் துவாரங்களுள்ள இடம் போதும்; அது முருகைக்கல்லாகத்தான் இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. எங்கள் ஊரில் உடைந்த மண்சட்டிக்கும் பானைக்கும் என்றைக்காவது பஞ்சம் வந்ததுண்டா? மெருகு பூசாத பானையோடுகளை நன்றாக அவித்து, அடுக்கி, குகைபோலவும் படிபோலவும் அமைத்துவிட்டால், சில வாரங்களில் பற்றீரியாக்கள் அவற்றில் நிறைந்துவிடும். ஒரு வருஷம் சென்றால் அவற்றின்மேல் பாசியும் ஊதாநிறச் சுண்ணாம்புப் படலமும் ஏறி, அவை பானையோடு என்பதே மறந்துபோகும்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் தொட்டி வைப்பவன் உண்மையில் வளர்ப்பது நீரைத்தான், மீன் பிறகு வருவது. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமுமுள்ள தொட்டியில் சுமார் 50 லீற்றர் கொள்ளும். கடல்நீர் லீற்றரொன்றில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருப்பதால், அத்தொட்டியில் 1,750 கிராம் உப்பு கரைந்து நிற்கிறது. மார்கழி, தை மாதங்களில், படுவான்கரை வயல்களின் வெள்ளமெல்லாம் உரத்தையும் பூச்சிகொல்லியையும் அள்ளிக்கொண்டு மட்டக்களப்பு வாவிக்குள் இறங்கி, முகத்துவாரம் வெட்டிக் கடலே கலங்கி நிற்கும் வேளையில் எடுத்த நீர் எதற்கும் உதவாது. வாடைக்காற்று ஓய்ந்து கடல் தெளிந்த பின்னர், வாவியின் வாயிலிருந்து விலகி, அலை உடையும் இடத்துக்கு அப்பால் தோணியில் சென்று பிளாஸ்டிக் கலன்களில் அள்ளி, துணியில் வடித்து, மூடி, இருட்டறையில் இரண்டு வாரம் வைத்தெடுக்க வேண்டும். செம்புப் பாத்திரத்தை அருகிலும் கொண்டுவரலாகாது. செம்பின் சிறு கசிவும் இறாலுக்கும் நண்டுக்கும் முருகைக்கும் நஞ்சு.

பின்பு அந்நீரைத் தொட்டியில் நிரப்பி, ஓர் இறாலின் சதையை இட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். விருந்துக்கு வாங்கிய வாவி இறாலில் ஒன்று போதும். அது அழுகி அமோனியாவைத் தரும். ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். வேறொரு வகை அதனை நைத்திரேற்று ஆக்கும். முதலிரண்டும் உயிர்க்கொல்லி; மூன்றாவது அவ்வளவு தீங்கானதன்று. இந்தச் சங்கிலி ஒழுங்காக ஓடத்தொடங்க நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அவ்வளவு காலமும் தொட்டியில் பானையோடுகளும் நீருமல்லாது வேறெதுவும் தென்படாது. அவசரக்காரர் அநேகர் இந்த இடத்திலேயே பொறுமை இழந்து மீனை விட்டு, மூன்றாம் நாள் அதைப் புதைக்கிறார்கள். என் பால்மா டின்னில் நடந்ததும் இதுவேதான்; முறித்த காயத்தோடு சூடேறிய அற்ப நீரில் அடைபட்ட அந்த முருகை, தன் கழிவாலும் தன் அழுகலாலுமே மாண்டது.

அடுத்தது கச்சான். வைகாசி தொட்டு ஆவணி வரையில் அந்த வறண்ட மேல்காற்று வீசும்போது வீட்டுக்குள் நீர் 30 பாகையைத் தாண்டிவிடும். நீரின் மேற்பரப்பை நோக்கிச் சிறு மின்விசிறி ஒன்றை வைத்தால் இரண்டொரு பாகை குறையும். ஆனால் நீர் அதே வேகத்தில் ஆவியாகும். ஆவியாவது நீர் மாத்திரமே, உப்பு போவதில்லை. ஐந்து லீற்றர் வற்றிய தொட்டியில் மேற்சொன்ன 1,750 கிராம் உப்பும் 45 லீற்றரில் அடங்கி, லீற்றருக்கு ஏறக்குறைய 39 கிராம் ஆகிவிடும். ஆதலால் வற்றிய அளவை நன்னீரால் நாள்தோறும் நிரப்ப வேண்டும். ஓட்டுக்கூரையில் முதல் மழை கழுவிச் சென்ற பின் பிடித்துச் சேமித்த மழைநீர் இதற்கு உத்தமமானது. கடலில் ஒரு நாள் வெயில் ஒரு மயிரிழையையும் அசைக்காது. 50 லீற்றரில் அது பிரளயம். சிறிய தொட்டி சுலபமானது என்று நினைப்பது தவறு. அளவு குறையக் குறைய ஸ்திரமும் குறைகிறது.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் மனம் நோகிறது. கொழும்பிலே ஒரு கடையில் வாங்கிய கோமாளிமீன் சோடியொன்றை நான் வைத்திருந்தேன். அவை குஞ்சு பொரித்து வளர்க்கப்பட்டவையா, கடலில் பிடிபட்டவையா என்று கேட்டபோது கடைக்காரரால் சொல்ல முடியவில்லை. அப்போதே நான் திரும்பி வந்திருக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்த நாட்களில், கையாலேயே நீரை அள்ளி ஊற்றி அள்ளி ஊற்றி இரண்டு இரவுகளைக் கழித்தேன். 30 பாகையில் கடல்நீர் லீற்றருக்கு ஆறு மில்லிகிராமுக்குச் சிறிது கூடுதலான ஒட்சிசனையே தாங்கும்; அசையாத தொட்டியில் அதுவும் விரைவில் தீர்ந்துவிடும். மூன்றாம் இரவு களைப்பால் உறங்கிவிட்டேன். விடிந்தபோது இரண்டும் அடியில் கிடந்தன. நோயாளிக்கும் பிள்ளைக்கும் மின்சாரம் இல்லாத அந்நாட்களில் இரண்டு மீன்களுக்காக அழுவது முறையல்ல என்று அடக்கிக்கொண்டேன். ஆனால் கடலிலே தம் பாட்டில் இருந்திருக்கக்கூடிய இரண்டு ஜீவன்களை என் அறைக்குள் கொண்டுவந்து அந்த இரவுக்கு ஆளாக்கியது நானே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்றைக் கையிருப்பில் வைத்திராதவன் கடல் தொட்டி வைக்கத் தொடங்கவே கூடாது.

இனி மீன் எங்கிருந்து வருவது? இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் கடல் அலங்கார மீன்கள் பெரும்பாலும் பாறைகளில் பிடிக்கப்படுபவை. பருவக்காற்று மாற, தென்மேற்குக் கரையில் சுழியோடும் மீன்பிடிகாரரிற் பலர் சித்திரைக்குப் பின் நம் கீழைக்கரைக்கு வருகின்றனர். அவர்களின் பிழைப்பை நான் பழிக்கவில்லை. கைவலையால் பொறுக்கிப் பிடிப்பவனுக்கும், தடைசெய்யப்பட்ட மொக்சி வலையைப் பாறைமேல் விரித்துக் கொம்புகளை முறிப்பவனுக்கும் இடையே பெரிய வித்தியாசம் உண்டு. ஆயினும் இதற்கு வேறு மார்க்கமும் உண்டு. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், தமிழ்நாட்டின் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய நிலையத்தில் கோமாளிமீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்த்திருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் அதைச் செய்திருக்கிறார்கள். இலட்சத்தீவின் அகத்தித் தீவில் சாதாரணக் குடும்பப் பெண்களே கோமாளிமீன் குஞ்சுகளையும் அலங்கார இறால்களையும் வளர்த்து விற்கிறார்கள். கோமாளிமீன் இதற்கென்றே படைத்தது போன்ற சுபாவமுடையது: சோடி சேர்ந்தால் ஓரிடத்திலேயே முட்டையிடும், ஆண்மீன் ஒரு வாரம்போல முட்டைகளுக்குச் செட்டையால் விசிறிக் காவல் இருக்கும், இருள் சூழ்ந்தபின் குஞ்சுகள் வெளிவரும்.

நன்னீர் அலங்கார மீன்களுக்கு ரம்படகல்லையில் இனவிருத்தி நிலையம் நடத்தும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, கடல் மீன்களுக்கென ஒன்றை நமது கரையில் நிறுவ வேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் விலங்கியல் மாணவர்களுக்கு இதைவிடத் தகுந்த செயல்முறைப் பயிற்சி எது? எழுவான்கரைப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் குஞ்சு வளர்த்து விற்கட்டும். வெளிநாடுகளில் முருகைத் துண்டுகளை ரோஜாப் பதியன்போலத் தொட்டிக்குத் தொட்டி கைமாற்றி வளர்க்கிறார்கள். சட்டத்தின் அநுமதியோடு அத்தகைய நாற்றங்கால் இங்கே ஏற்படும் நாள்வரை நமது தொட்டிகளில் முருகை வேண்டாம். அதுவரை தொட்டி அழகற்றுப்போகுமே என்று வருந்துவோர் என் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

இப்போது என் தொட்டியில் மீன் கிடையாது. பானையோடுகளும், கடற்கரையில் தாமாக வந்தேறிய சங்கோடுகளுக்குள் குடியிருக்கும் இரண்டு சிறு நண்டுகளும், வாவியிலிருந்து எடுத்து, உப்பு மாற்றத்துக்குப் படிப்படியாகப் பழக்கிய ஆறு ஊரி நத்தைகளும் இருக்கின்றன. 1848இல் மட்டக்களப்புக்கு வந்து, பாடும் மீன்களுடையது எனப்படும் வாவியின் இசையை நிலவிரவில் தோணியிலிருந்து கேட்ட, இலங்கையின் பிரித்தானியக் குடியேற்றச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் டெனென்டிடம், பாடுவது மீனல்ல, ஊரிதான் என்று நம் மீனவர்கள் சொன்னார்களாம். இந்த ஊரிகள் பாடி நான் கேட்டதில்லை. கண்ணாடியில் படரும் பாசியை மேய்ந்து துப்புரவு செய்வதில் இவற்றை மிஞ்ச ஆளில்லை. அயல்வீட்டுப் பிள்ளைகள் மூவர் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் வந்து, நீரின் உப்பையும் உஷ்ணத்தையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதுகிறார்கள். எழுதுவதற்கு முன், இரவில் ஊரிகள் மேய்ந்த பாதை கண்ணாடியில் எங்கே தொடங்கி எங்கே முடிந்திருக்கிறதென்று விரலால் தொடர்ந்து பார்க்கிறார்கள்.