பச்சை உடம்பும் பண்டிகையும்

ஆவணி ஓணத்தில் மூட்டிய அடுப்பு தைப்பொங்கல் முடியும்வரை நாஞ்சில் நாட்டு வீடுகளில் அணைவதில்லை. ஓணம் போனால் நவராத்திரி. பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் சென்று திரும்பினால் தீபாவளி. அதன்பின் கார்த்திகை, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ், சுசீந்திரம் மார்கழித் தேர், பொங்கல். 1956ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி இப்பகுதி தமிழகத்தோடு சேர்ந்த பின்னரும் நாம் ஓணத்தைக் கைவிட்டோமில்லை. ஒரே தெருவில் அத்தப்பூவும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் பொங்கற் கரும்பும் காணக் கிடைப்பது நமக்குப் பெருமையே. ஆயின் அப்பெருமைக்காக உழைப்பவர் யார், அவ்வுழைப்பைத் தாங்கும் உடம்பு எவ்வுடம்பு என்று விசாரிப்பதே இன்று நமது நோக்கம்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு தலைப்பிள்ளை பெற்ற பெண் தாய்வீட்டில் இருக்கிறாள். பண்டிகைக்கு மருமகன் வருகிறார். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். பிள்ளை பார்க்க உற்றாரும் ஊராரும் வருகிறார்கள். அவள் தாயார் பலகாரச் சட்டியை விட்டு நகர இயலாது. தகப்பனாருக்கோ சீர் வரிசைக்குக் கடன் வாங்கும் கவலை. இரண்டு மூன்று மணிக்கொரு முறை பாலூட்டி இரவெல்லாம் கண் விழித்த பெண், வந்தவர்க்கெல்லாம் முகம் மலர்ந்து பதில் சொல்ல வேண்டும். காப்பிக் குவளையும் எடுத்து வர வேண்டும். பாலூட்ட ஒதுங்குவோமெனில் எந்த அறையிலும் ஆள். சிசு கை மாறிக் கை மாறிப் போகிறது. ஒருவர் முத்தமிடுகிறார், ஒருவர் பாயசத்தை விரலில் தொட்டு அதன் வாயில் வைக்கிறார், ஒருவர் "பால் போதவில்லை போலிருக்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவள் கண் கலங்கினாலோ, "நல்ல நாளும் பொழுதுமாய் அழலாமா?" என்ற அதட்டல். இவ்வீடு எந்த ஊரிலுள்ளது என்று வாசகர்கள் நம்மைக் கேட்கமாட்டார்கள். அவரவர் தெருவிலேயே இதைக் கண்டிருப்பார்கள். தீபாவளி என்ற இடத்தில் கிறிஸ்துமஸ் என்றோ ரம்ஜான் என்றோ வைத்துக்கொண்டாலும் கதை மாறுவதில்லை.

பழைய வழக்கமெல்லாம் மூடத்தனம் என்பது நமது கட்சியன்று. பிள்ளை பெற்றவளை 16 நாளோ 40 நாளோ அடுக்களைக்குள் வரவிடாமல் வைத்தனர் நம் முன்னோர். உளுந்தங்களியும் கருப்பட்டியும் லேகியமும் அவள் இருக்குமிடம் தேடி வந்தன. இதற்கு அவர்கள் வைத்த பெயர் தீட்டு. பெயர் இழிவானது, அதனால் கிடைத்த ஓய்வு உயர்வானது. இன்று நாம் செய்திருப்பதென்ன? பூஜை அறைக்கும் கோயிலுக்கும் அவள் ஆகாதவள் என்ற எண்ணத்தைப் பல வீடுகளில் அப்படியே வைத்துக்கொண்டோம். ஆனால், ஆட்கள் குறைந்த வீடு, அவசரமான காலம் என்று காரணம் சொல்லி, ஓய்வை மட்டும் கழித்துவிட்டோம். விளக்கேற்ற ஆகாத கை பாத்திரம் துலக்க மட்டும் ஆகுமென்பது எந்தச் சாஸ்திரம்? தள்ள வேண்டியதை வைத்துக்கொண்டு, வைத்துக்கொள்ள வேண்டியதைத் தள்ளிவிட்டோம்.

அவ்வோய்வு முன்னைவிட இன்று அதிகம் தேவை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி தமிழகத்தில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால் நடந்தன. வயிற்றில் தையலோடு வீடு திரும்புகிறவளை, "நாங்கள் பெறாத பிள்ளையா?" என்று பேசுவது அறியாமை. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் தாய்க்கும் சேய்க்கும் தனிக் கவனம் வேண்டிய காலம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கொள்கை. பாட்டிமார் சொன்ன 40 நாளுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஆஸ்பத்திரியில் பெற்றவளையும் வீட்டில் சென்று 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் பார்க்க வேண்டுமென நம் நாட்டுச் சுகாதாரத் திட்டமே விதித்திருக்கிறது.

உடம்பைப் போன்றே மனமும். பிரசவித்த முதல் சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் இயல்பு. பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் அது தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால் அது நோய்; பிடிவாதமன்று. வளரும் நாடுகளில் பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பேருக்கு மனநோய், முக்கியமாக மனச்சோர்வு, காண்பதாக மேற்படி ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. ஐந்தில் ஒருத்தி என்பது சிறு தொகையா? 14416 என்ற எண்ணில் அரசாங்க மனநல ஆலோசனை இலவசமாகவே கிடைக்கிறது. இவ்வெண்ணைப் பலகாரக் கணக்கு எழுதும் காகிதத்தின் தலைப்பிலேயே குறித்து வைப்பது நலம்.

சட்டம் ஒன்றும் செய்யவில்லையா எனில், செய்திருக்கிறது. 1961ஆம் வருஷத்துப் பிரசவகாலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதலிரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பள விடுமுறை ஏற்பட்டது. 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அவ்வளவையே ஏற்றது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஒரு வருஷம். ஏழைத் தாய்மார்க்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரால் பணவுதவி உண்டு. ஆயினும், அன்றாடக் கூலிக்கு முந்திரிக் கொட்டை உடைப்பவளும், மீன் கூடை சுமப்பவளும் இவ்விடுமுறையை எவரிடம் கேட்பார்கள்? இன்னொன்றும் உண்டு. நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கிய அநுபவத்தால் சொல்லுகிறோம்: சட்டம் முதலாளியிடம் விடுமுறை வாங்கித் தரும், கணவனிடத்தும் மாமியாரிடத்தும் வாங்கித் தராது. அதை வீட்டார்தாம் மனமுவந்து கொடுக்க வேண்டும்.

ஆகவே, நாம் சொல்லும் யோசனைகள் இவை. பிரசவித்து ஆறு வாரம் ஆகாத வீட்டில் பண்டிகை சுருக்கமாக நடக்கட்டும். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் முன்னறிவித்து வந்து, கை கழுவி, கால் மணி நேரத்தில் விடைபெறட்டும். இருமலும் ஜுரமும் உள்ளவர்கள் வாராதிருப்பதே அவர்கள் கொடுக்கும் சீர். ஆறு மாதம் வரை சிசுவுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், பாயசம் வேண்டா, ஒரு வயது நிரம்பும்வரை தேன் கூடவே கூடாது. பாலூட்டுகிறவளுக்குத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் ஒழியட்டும். பட்டாசும் அதன் புகையும் அவள் அறையை நெருங்காதிருக்கட்டும். சீர் வரிசையைக் கேட்டு வாங்குவது எக்காலத்தும் இழிவு. பச்சை உடம்புக்காரியின் கண்முன் கேட்பது கொடுமை.

அடுக்களையை யார் பார்ப்பது என்பீர்களோ? நாஞ்சில் நாட்டில் இக்கேள்வியே வியப்பாயிருக்கிறது. கல்யாண வீடுகளில் அவியலும் எரிசேரியும் பிரதமனும் வைத்து நூறு இலை போடும் தவசிப்பிள்ளைகள் ஆண்கள்தாமே? ஊருக்குச் சமைக்கும் ஆண்கை வீட்டுக்குச் சமைத்தால் கௌரவம் குறைந்துவிடுமோ?

கோட்டாற்றிலிருந்து கருங்கல் வரை கிறிஸ்துமஸுக்கு வீடுதோறும் குடில் கட்டுகிறார்கள். அதன் நடுவில் வைக்கோலருகே இருப்பவள் பிரசவித்த பெண்தான். அக்குடிலின் முன் மண்டியிடுவோர், தம் வீட்டுப் பச்சை உடம்புக்காரி அந்நேரம் எங்கே நிற்கிறாள் என்று ஒரு முறை திரும்பிப் பார்ப்பாராக.

அவளை ஒதுக்கி வைக்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. பண்டிகை அவளுக்கும் உரியது. அவள் விரும்பினால் புதுச்சேலை உடுத்திக் கூடத்தில் வந்து உட்காரட்டும். களைத்தால் எவரிடமும் உத்தரவு கேளாமல் எழுந்து போய்ப் படுக்கட்டும். தவறவிட்ட தேரை அடுத்த மார்கழியில் பார்க்கலாம். இந்த ஆறு வாரம் அவளுக்குத் திரும்பி வாராது. நம் வீடுகளில் ஆண்மக்கள் உண்டெழுந்த பின்னரே பெண்டிர்க்கு இலை போடுவது வழக்கமாயிருக்கிறது. இவ்வருஷப் பண்டிகையில் அவ்வழக்கத்தை மாற்றி, முதல் இலையைப் பிள்ளை பெற்றவளுக்குப் போடுங்கள். மற்றவர்கள் காத்திருக்கட்டும்.