சுண்டெலியும் ஓர் அளவுகருவியே

சுண்டெலிகளிடம் புற்றுநோய் குணமாயிற்று என்று செய்தி படித்தால் உடனே நம்பிவிடலாமா? இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். ஆராய்ச்சிக்கூடச் சுண்டெலியும் ஓர் அளவுகருவியே. கருவியின் பிழையை அறியாமல் அது காட்டும் அளவை நம்பக் கூடாது.

இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. 1961இல் கனடாவின் டொரான்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். டில் இயற்பியல் படித்தவர், மெக்கல்லக் மருத்துவர். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த சுண்டெலிகளுக்கு வேறு சுண்டெலிகளின் மஜ்ஜைச் செல்களை ஊசியால் செலுத்தினர். சில நாட்களில் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. செல்களை இருமடங்கு செலுத்தினால் முடிச்சுகளும் இருமடங்காயின. கண்ணால் பிரித்தறிய முடியாத மூலச்செல்களை இவ்வாறு எண்ண வழி பிறந்தது.

மனித நோயை இப்படி ஆராய ஒரு தடை இருந்தது. சுண்டெலியின் நோய் எதிர்ப்புச் சக்தி மனிதச் செல்களை அழித்துவிடும். 1983இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட, எதிர்ப்புச் சக்தி குன்றிய சுண்டெலி வகை இதற்கு வழி திறந்தது. 1994இல் டொரான்டோவில் ஜான் டிக் குழுவினர் அதில் மனித இரத்தப் புற்றுநோயை உண்டாக்கினர். சுமார் 2,50,000 புற்றுச் செல்களில் ஒன்றுதான் நோயைத் தொடங்கும் என்று கணக்கிட்டனர்.

அப்படியானால் வளராத செல்களெல்லாம் வலுவற்றவையா? அல்லது சுண்டெலியின் உடல் அவற்றுக்கு இடம் தரவில்லையா? இதே கேள்வியை 2008இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் சோதித்தார்கள். முந்தைய முறையில் சுமார் பத்து லட்சம் செல்களில் ஒன்றே கட்டியை உண்டாக்கியது. எதிர்ப்புச் சக்தி மேலும் குறைந்த சுண்டெலிகளைக் கொண்டு, சோதனை முறையையும் திருத்தியபோது சுமார் நான்கில் ஒன்று உண்டாக்கியது! நோய் அதேதான், அளந்த விதம்தான் மாறியது.

இது வெறும் எண் விளையாட்டு அன்று. அரிதான சில செல்களே நோய்க்குக் காரணம் என்றால் மருந்தை அவற்றின்மேல் குறிவைக்கலாம். நான்கில் ஒன்று என்றால் அந்த மருந்து நோயாளியைக் கைவிட்டுவிடும்.

மஜ்ஜை நோய்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. மனித மஜ்ஜைச் செல்களை வளர்க்கும் சில புரதங்களைச் சுண்டெலியின் உடல் தருவதில்லை. அதன் புரதம் மனிதச் செல்லுக்குப் பொருந்துவதில்லை. ஆகவே மனித மரபணுக்களைச் சேர்த்த சுண்டெலிகளை இன்று பயன்படுத்துகிறார்கள். கருவியைத் திருத்தும் முயற்சிதான் இது.

சுண்டெலிச் சோதனை வீண் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. ஆனால் அடுத்த முறை அத்தகைய செய்தியைப் படிக்கும்போது கேளுங்கள்: எந்த வகைச் சுண்டெலி? எத்தனை சுண்டெலிகள்? மனிதரிடம் சோதித்தார்களா? இப்படிக் கேட்கப் பழகுவதுதான் விஞ்ஞானப் படிப்பின் முதல் பாடம்.